கிரியாட்டினின் இறங்கியது, எடையும் இறங்கியது: சிறுநீரக நோய்க்குக் கஞ்சிதான் பத்தியமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

‘என் கணவருக்கு வயது 58, உயரம் 166 செ.மீ. சர்க்கரை நோய் 14 வருடமாக இருக்கிறது, ரத்தக் கொதிப்பும் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.3, இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 32, பொட்டாசியம் 4.9. அப்போது எடை 64 கிலோ. உப்பையும் புரதத்தையும் குறைக்கச் சொன்னார்கள். மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் அன்றே நிறுத்திவிட்டேன். காலையில் வாழைத்தண்டுச் சாறு, 11 மணிக்கு ஒரு இளநீர், மதியம் ரசம் சோறு, மாலையில் முருங்கைக்கீரை சூப், இரவில் கேழ்வரகுக் கஞ்சி. சாதாரண உப்புக்குப் பதில் கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கிப் போடுகிறேன். சிறுநீரகத்தைக் கழுவட்டும் என்று தினமும் 4 லிட்டர் தண்ணீர். இப்போது கிரியாட்டினின் 2.1 ஆகக் குறைந்திருக்கிறது, இ.ஜி.எஃப்.ஆர். 36. ஆனால் பொட்டாசியம் 5.9, அல்புமின் (ரத்தத்திலுள்ள புரதம்) 3.2, எடை 59 கிலோ. மாலையில் கால் வீங்குகிறது. விடியற்காலையில் ஒரு நாள் சர்க்கரை 58-க்கு இறங்கி வேர்த்துக் கொட்டியது, ஆரஞ்சுச் சாறு கொடுத்துச் சமாளித்தேன். குறைகிறதே, இதே பத்தியத்தைத் தொடரலாமா? புரத மாவு வாங்கட்டுமா? தெரிந்தவர் ஒருவர் ஆறு மாதம் சாப்பிட ஒரு பொடி தருகிறார், டயாலிசிஸே வராது என்கிறார். கருவாடு கேட்டுக் கண்கலங்குகிறார், ஒரு துண்டு கொடுத்தால் என்ன ஆகும்? சாப்பிடும் மாத்திரைகள்: சர்க்கரைக்குக் கிளிமிப்ரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது, கொதிப்புக்கு டெல்மிசார்டன்.’

அன்புள்ள சகோதரி,

மற்றதைப் பிறகு பார்க்கலாம், முதலில் பொட்டாசியம். 5.9 என்ற அளவை அடுத்த மாதப் பரிசோதனை வரை விட்டுவைக்கக் கூடாது. இன்றே உங்கள் மருத்துவரை அழைத்து இந்த எண்ணைச் சொல்லுங்கள். மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு இ.சி.ஜி.-யும் எடுக்கச் சொல்வார். ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கக் கட்டி, முஷ்டியைத் திரும்பத் திரும்ப மடக்கினாலோ, குழாயில் ரத்த அணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால்தான் மறுபரிசோதனை. ஆனால் பொய்யாக இருக்கும் என்று நாமே முடிவு கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்தின் துடிப்பு தாறுமாறாகலாம், பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. திடீரென்று கை கால் பலமிழந்து போனாலோ, படபடப்பு வந்தாலோ, மயக்கம் போல இருந்தாலோ, மறுபரிசோதனையில் 6-ஐத் தாண்டினாலோ அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

டெல்மிசார்டன் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும் மாத்திரைதான். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காப்பதும் அதே மாத்திரைதான். தொடர்வதா, அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஏனென்றால் மாத்திரையைத் தொடாமலே குறைக்கக்கூடிய பொட்டாசியம் உங்கள் அடுப்படியில் நிறைய இருக்கிறது.

பொட்டாசியம் எங்கிருந்து வந்தது

நீங்கள் அக்கறையோடு மாற்றியவைதான் காரணம். உங்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘குறைங்க’ என்று சொன்னவர்கள் எதை, எவ்வளவு, அதற்குப் பதில் எதை என்று சொல்லாமல் விட்டதால் வந்த வினை இது.

சோடியம் குறைந்த உப்பில் சோடியத்தின் இடத்தை நிரப்புவது பொட்டாசியம் குளோரைடு. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதன் விழுக்காடு இருக்கும். 30 விழுக்காடு கலந்த உப்பு என்றால், நாளுக்கு 5 கிராம் போடும்போது அதிலிருந்து மட்டும் 780 மி.கி. பொட்டாசியம் உள்ளே போகிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்ல உப்புதான், கொதிப்பைக் குறைக்கும். இத்தகைய உப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட பரிந்துரையிலேயே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கு கொடுத்திருக்கிறார்கள். இளநீரில் 100 மி.லி.-க்கு 200 முதல் 250 மி.கி. வரை பொட்டாசியம் இருக்கும். ஒரு காயில் 300 மி.லி. என்று வைத்தால் 600-லிருந்து 750 மி.கி. உங்கள் கணவரின் நிலையில் ஒரு நாளைய மொத்தப் பொட்டாசியத்தையே 2,000 முதல் 2,500 மி.கி.-க்குள் வைக்கச் சொல்வது வழக்கம். உப்பும் இளநீருமே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டுவிட்டன. வாழைத்தண்டுச் சாறு, முருங்கைக்கீரை சூப், ரசத்தில் ஊற்றும் புளியும் தக்காளியும் அதற்கு மேல்.

வாழைத்தண்டு கல்லடைப்புக்குச் சொல்லப்படும் கைவைத்தியம். கல் வேறு, சிறுநீரகம் சுருங்கி வடிகட்டும் திறன் குறைவது வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நம் ஊரில் நினைத்துவிடுகிறார்கள். சிறுகண்பீளை, மூக்கிரட்டை என்று எந்த மூலிகையைக் கொதிக்கவைத்தாலும் அதிலுள்ள பொட்டாசியம் கரைந்து தண்ணீரில்தான் இறங்கும். கீரை சூப்பிலும் அதேதான் நடக்கிறது. ஆகவே சாறு, சூப், கஷாயம் மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள்.

இந்துப்புக்கு மாறலாமா என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான். சாதாரண அயோடின் உப்பையே அளந்து போடுங்கள். காலையில் தட்டையாக வழித்த முக்கால் டீஸ்பூன் உப்பை ஒரு சிறு டப்பியில் எடுத்து வையுங்கள், சுமார் 4 கிராம் இருக்கும். அன்றைக்கு அவருக்கான உப்பு அவ்வளவுதான். வீட்டுக்குப் பொதுவாகக் குழம்பு கொதிக்கும்போது உப்பில்லாமல் அவருடைய பங்கை எடுத்து வைத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு உப்புப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு குழம்பு வைக்க வேண்டியதில்லை. இட்லி மாவில் போடும் உப்பும் கணக்கில் சேரும். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் இவற்றுக்கு அந்த டப்பியில் இடமில்லை.

கிரியாட்டினின் ஏன் இறங்கியது

கடிதத்தில் நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கும் வரி இது. அதனால் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை குறைந்தால் ரத்தத்தில் கிரியாட்டினினும் குறையும். சமைத்த இறைச்சியையும் மீனையும் நிறுத்தினாலும் கொஞ்சம் குறையும். இ.ஜி.எஃப்.ஆர். என்பது அந்தக் கிரியாட்டினினையும் வயதையும் வைத்துப் போடும் கணக்கு, அதனால் அதுவும் தானாக உயர்ந்து காட்டும். மூன்று மாதத்தில் 5 கிலோ இறங்கியிருக்கும் உடம்பில், 2.3 என்பது 2.1 ஆனதைச் சிறுநீரகம் தேறியதன் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. சந்தேகம் தீர வேண்டுமானால் சிஸ்டாட்டின்-சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நோயின் போக்கை அது நன்றாகக் காட்டும்.

அல்புமின் 3.2 என்பதற்குச் சிறுநீரில் புரதம் ஒழுகுவதும் காரணமாக இருக்கலாம். ஆனால் எடையும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்தால், சாப்பாடு போதவில்லை என்பது என் கணிப்பு. உணவில் போதுமான மாவும் கொழுப்பும் இல்லாதபோது உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கிறது. அப்படிக் கரையும் தசையிலிருந்து யூரியா என்ற கழிவும் பொட்டாசியமும் ரத்தத்தில் வந்து சேர்கின்றன. புரதத்தைக் குறைத்து எதைத் தவிர்க்க நினைத்தீர்களோ அதுவே உள்ளிருந்து வருகிறது. ஒரு நாள் டயாலிசிஸ் தேவைப்பட்டால்கூட, வற்றிய உடம்போடு அதைத் தாங்குவது கடினம்.

எவ்வளவு புரதம்

டயாலிசிஸ் இல்லாத இந்த நிலையில், உயரத்துக்கு ஏற்ற எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். அவருக்கு 62 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு சுமார் 50 கிராம். ‘குறைங்க’ என்றால் 80, 90 கிராம் சாப்பிடுபவர் இந்த அளவுக்கு வருவது. அடியோடு நிறுத்துவது அதன் பொருள் அல்ல. இப்போது நீங்கள் கொடுப்பதில் 30 கிராம் தேறினாலே அதிகம். சக்தி 1,800 கலோரியை ஒட்டி வேண்டும். பின்னாளில் டயாலிசிஸ் தொடங்கினால் புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை கூட்டப்படும், ஏனென்றால் அதிலேயே கொஞ்சம் புரதம் வெளியேறிவிடும். பக்கத்துத் தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்பவரின் உணவுப் பட்டியலை வாங்கி வந்து உங்கள் வீட்டில் பின்பற்றக் கூடாது என்பது இதனால்தான்.

ஒரு நாள் சாப்பாடு எப்படி அமையலாம் என்று சொல்கிறேன். காலை 100 மி.லி. பாலில் காப்பி, சர்க்கரை இல்லாமல். அதன் பிறகு நான்கு இட்லி, சாம்பாருக்குப் பதில் இரண்டு ஸ்பூன் தேங்காய்ச் சட்னி. முற்பகல் அரை ஆப்பிள், அல்லது ஒரு பேரிக்காயில் பாதி. மதியம் 120 கிராம் அரிசியின் சோறு, வெந்த பிறகு 60 கிராம் வரும் மீன் சதை, கீழே சொல்லும் முறையில் வேகவைத்த ஒரு காய், 50 மி.லி. தயிர். மாலை 50 கிராம் அவலில் உப்புமா. இரவு 75 கிராம் கோதுமை மாவில் மூன்று சப்பாத்தி, ஒரு காய், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. நாள் முழுவதுக்கும் எண்ணெய் ஆறு டீஸ்பூன். இதில் 50 கிராம் புரதம் கிட்டத்தட்ட சேர்ந்துவிடும். எண்ணெயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொட்டாசியமும், அதைப் போலவே சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் தேங்கும் தாதுவான பாஸ்பரசும் இல்லாத சக்தி அதுதான். பருப்பையும் முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் மீனுக்குப் பதிலாக 50 கிராம் பருப்பை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கெட்டிக் கூட்டாகக் கொடுக்கலாம்.

சர்க்கரை நோயாளிக்கு வெள்ளைச் சோறா என்று கேட்பீர்கள். கேழ்வரகு, கம்பு, தீட்டாத அரிசி எல்லாம் சர்க்கரைக்கு நல்லவைதான், ஆனால் பொட்டாசியமும் பாஸ்பரசும் அவற்றில் கூடுதல். பொட்டாசியம் 5.9 இருக்கும் இந்த நேரத்தில், அளந்து போட்ட வடித்த சோறு பாதுகாப்பானது. பொட்டாசியம் இறங்கி நிலைத்த பிறகு கேழ்வரகுக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசலாம்.

புரத மாவு இப்போது வேண்டாம். முட்டையும் மீனும் இறங்குகிற வாய்க்கு டப்பா மாவு எதற்கு? பசியே எடுக்காமல் இந்த அளவைச் சாப்பிட முடியவில்லை என்றால் மட்டும், பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவு லேபிளில் தெளிவாகப் போட்ட சிறுநீரக நோயாளிகளுக்கான மாவை உணவியல் நிபுணரிடம் காட்டி வாங்குங்கள். சத்து மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். வைட்டமின் ஏ சிறுநீரக நோயில் உடம்பில் தேங்கும், வைட்டமின் சி-யை அதிக அளவில் எடுத்தால் ஆக்சலேட் என்ற கழிவு உடம்பில் சேரும். மெட்ஃபார்மின் வருடக்கணக்காகச் சாப்பிடுபவர்களுக்குக் குறையக்கூடியது பி12. அதையும், ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, வைட்டமின் டி அளவுகளையும் பரிசோதித்துப் பார்த்து, குறைந்ததை மட்டும் நிரப்பலாம்.

காயை வேகவைக்கும் முறை

சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், சௌசௌ, முட்டைக்கோஸ் இவற்றைத் தினமும் மாற்றி மாற்றி வையுங்கள். பீன்ஸ், கத்தரிக்காய் அவ்வப்போது. உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், முருங்கை, கீரை வகைகள் இப்போதைக்கு வேண்டாம்.

எந்தக் காயானாலும் தோல் சீவி, அரை அங்குலத்துக்கும் சிறிதாக நறுக்குங்கள். துண்டு பெரிதாக இருந்தால் உள்ளே உள்ளது வெளியே வராது. காயைப் போல் பத்து மடங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, கொட்டிவிட்டு, அலசுங்கள். பிறகு ஐந்து மடங்கு தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து வடியுங்கள். அதன் பிறகு தாளிக்கலாம். ஊறவைக்க நேரமில்லாத நாளில், நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை வேகவைத்து வடித்தாலும் நல்ல பலன் உண்டு.

இதில் தவறு நடப்பது கடைசிக் கட்டத்தில்தான். ‘சத்தெல்லாம் தண்ணியில இருக்கு’ என்று வடித்த நீரைக் குழம்பிலோ ரசத்திலோ ஊற்றிவிடுகிறோம். அவருக்கு ஆகாதது அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. ஆவியில் வேகவைத்தாலும், குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்து அப்படியே வற்றவிட்டாலும் பொட்டாசியம் காயிலேயே தங்கிவிடும். புளிப்புக்குப் புளியைக் குறைத்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை தாராளமாகப் போட்டால் உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தின் ஒரு பங்கு மலத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது.

பழங்களில் பண்ருட்டிப் பலாவைச் சொல்லாமல் விட முடியாது. 100 கிராம் சுளையில் சுமார் 450 மி.கி. பொட்டாசியம். பருவம் வந்தால் வீடெல்லாம் மணக்கும், கேட்பார், ஆனால் கொடுக்காதீர்கள். பலாக்கொட்டையும் முந்திரியும் அப்படியே. வாழைப்பழம், கொய்யா, ஆரஞ்சும் இப்போது வேண்டாம். நட்சத்திரப் பழம் எனப்படும் ஐந்து விளிம்புப் பழத்தை எந்நாளும் தொட வேண்டாம். அதிலுள்ள ஒரு நச்சை பழுதுபட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

கருவாடும் மீனும்

முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் வாழ்ந்தவரிடம் மீனையே நிறுத்தியது பெரிய தண்டனை. அதை இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். கிழங்கான், சங்கரா, கொடுவா என்று முள்ளை ஒதுக்கிச் சதையை மட்டும் சாப்பிடும் மீனாக எடுங்கள். நெத்திலி போல முள்ளோடு மென்று தின்னும் மீனில் பாஸ்பரஸ் கூடுதல். புது மீனாக இருக்கட்டும். பாக்கெட்டில் உறையவைத்து வரும் இறாலில் எடை நிற்பதற்காகப் பாஸ்பேட் கலந்த நீரைச் சேர்ப்பது உண்டு. இப்படிச் சேர்க்கப்படும் பாஸ்பேட்டை உடம்பு ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சிக்கொள்ளும். பருப்பில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரசில் பாதிகூட உறிஞ்சப்படாது. கோலா பானங்களையும் பதப்படுத்திய சீஸையும் தவிர்க்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு குறையும், ஆனால் எவ்வளவு குறைந்தது என்று வீட்டில் அளக்க வழியில்லை. கால் வீக்கம் இருக்கும்வரை வேண்டாம் என்பதே என் பதில். வீக்கம் வடிந்து, கொதிப்பு கட்டுக்குள் வந்தபின், ஒரு பண்டிகை நாளில் நன்றாக ஊறவைத்த சிறு துண்டு ஒன்று, அன்றைய டப்பி உப்பைத் தொடாமல், என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரேயடியாக இல்லை என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கால் வீக்கத்துக்கு உப்போடு அந்த 4 லிட்டர் தண்ணீரும் ஒரு காரணமாக இருக்கலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சுத்தமாகும் என்பது சிறுநீரகத்துக்குப் பொருந்தாது. மருத்துவர் அளவு சொல்லும்வரை தாகத்துக்கு மட்டும் குடிக்கட்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது நீர், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இப்போதைய 59 கிலோவிலும் நீர் கலந்திருப்பதால், உண்மையான எடை இழப்பு 5 கிலோவுக்கு மேலும் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

சர்க்கரை இறங்கிய அந்த விடியற்காலை

சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை அதே அளவில் தொடர்ந்தால் இப்படித்தான் ஆகும். சிறுநீரகம் தளரும்போது சர்க்கரை மருந்துகளும் இன்சுலினும் உடம்பில் அதிக நேரம் தங்கி வேலை செய்யும். கிளிமிப்ரைடில் இந்த ஆபத்து உண்டு. மெட்ஃபார்மினை இ.ஜி.எஃப்.ஆர். 30-லிருந்து 45-க்குள் இருக்கும்போது வழக்கமாக நாளுக்கு 1,000 மி.கி.-க்கு மேல் தருவதில்லை, 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

இனி சர்க்கரை 70-க்குக் கீழே போனால் ஆரஞ்சுச் சாறோ வாழைப்பழமோ இளநீரோ வேண்டாம், மூன்றிலும் பொட்டாசியம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியபின் இரண்டு இட்லியாவது சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

அந்தப் பொடி

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எந்தப் பொடியும் வேண்டாம். சில பொடிகளில் உலோகம் இருக்கலாம், சிலவற்றில் வலி மாத்திரை கலந்திருக்கலாம், இரண்டும் சிறுநீரகத்துக்கு நேரடிக் கேடு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் பாக்கெட்டோடு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். டயாலிசிஸ் வராது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கொதிப்பும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்து, சிறுநீரில் புரதம் ஒழுகுவது குறைந்தால் அதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும். முழங்கால் வலி, முதுகு வலி என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் அவருக்கு இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

அடுத்த முறை போகும்போது மூன்று நாள் என்ன சாப்பிட்டார் என்று அளவோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்பதும், உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதும், பரிசோதனைத் தாள்களின் நகலை வாங்கிக்கொள்வதும் உங்கள் உரிமை. புதுச்சேரி ஜிப்மரில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பிவிடும் தூரம்தான். பொட்டாசியத்தை மருத்துவர் சொல்லும் நாளில், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். எடையும் அல்புமினும் ஒரு மாதம் கழித்து. அந்த எடை 59-லிருந்து கீழே இறங்கியிருந்தால் மதியச் சோற்றில் ஒரு கரண்டியும், எண்ணெயில் ஒரு டீஸ்பூனும் கூட்டி, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டே, மருத்துவரிடம் சொல்லுங்கள்.